புதுமைப்பித்தன் சிறுகதைகளில் உண்டியும் பானமும்

தோற்றுவாய்

உண்டியைப் பாடாத பேரிலக்கியம் தமிழில் அரிது. ஆற்றுப்படை நூல்கள் வழிநடைப் பாணர்க்கு நிலந்தோறும் கிடைக்கும் விருந்தை வகுத்துரைக்கின்றன. மணிமேகலையோ பசிப்பிணியையே பொருளாகக் கொண்டு எழுந்த காப்பியம். எனினும், இக்காலத்து உரைநடை இலக்கியத்தை ஆராய்வோர் பாத்திரப் பண்பு, நடை, உத்தி என்பவற்றை நோக்குமளவிற்கு, அப்பாத்திரங்கள் எதை உண்டன, எதைப் பருகின, அதற்கு விலை கொடுத்தவர் யாவர் என்று நோக்குவதில்லை. இவை அற்ப விடயங்கள் என்பது பலர் கருத்து. அக்கருத்துப் பொருந்தாது என்பதைத் தமிழ்ச் சிறுகதையின் முதல்வருள் ஒருவராகிய புதுமைப்பித்தனைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய புதுமைப்பித்தன் 1906ஆம் ஆண்டு திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்து, திருநெல்வேலியில் வளர்ந்து, சென்னையிற் பத்திரிகைத் தொழில் புரிந்து, 1948ஆம் ஆண்டு திருவனந்தபுரத்திற் காசநோயால் மறைந்தார். அவர் எழுத்துக்கு இடந்தந்த ஏடுகளுள் 'மணிக்கொடி'யும் 'கலைமகளு'ம் முதன்மையானவை. அவரைப் பற்றிய விமரிசனத்தில் வழிவழி வரும் ஒரு குற்றச்சாட்டு உண்டு: அவர் நம்பிக்கை வறண்டவர், கசப்பையே பரிமாறியவர், மனிதனிடத்தும் தெய்வத்திடத்தும் மதிப்பற்றவர் என்பது அது. அவர் கதைகளில் வரும் சோற்றையும் கஞ்சியையும் காப்பியையும் பின்தொடர்ந்து சென்றால், இக்குற்றச்சாட்டு எவ்வளவிற்கு உண்மை, எவ்வளவிற்குப் பிழை என்பது புலனாகும்.

இவ்வாராய்ச்சியை எழுவைதீவைச் சேர்ந்த ஒருவன் மேற்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து படகேறிச் செல்லும் எம் சிறு தீவிற் பனையும் கடலுமே வாழ்வு. நன்னீர் அருமையான பொருள். அண்மையிலுள்ள நயினாதீவே காப்பியம் கூறும் மணிபல்லவம் என்பது இப்பகுதியாரின் நெடுங்கால நம்பிக்கை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி தோன்றிய நீர்நிலை எம் அயலில் இருந்தது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பால்கஞ்சிக்கும் காப்பிப் பொடிக்கும் வழியற்ற மாந்தரைப் பாடிய புதுமைப்பித்தனின் உலகம் முதற் பார்வையில் நேர்மாறாகத் தோன்றும். இரண்டும் ஒரே வினாவைக் கேட்கின்றன என்பதை முடிவிற் காண்போம்.

அணாக் கணக்கு

புதுமைப்பித்தன் கதைகளில் உணவு வருமிடத்து உடன் வருவது விலை. சுவையை அவர் விரித்து வருணிப்பது குறைவு. செலவையோ காலணா பிசகாமற் குறிப்பார்.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943) என்னும் கதையின் தொடக்கத்தை நோக்குக. சென்னையில் ஒரு வீதி முனையில் நிற்கும் கந்தசாமிப் பிள்ளையை வாட்டுவது ஆன்மீகச் சிக்கலன்று. டிராமிற் போனால் மிஞ்சும் காசுக்கு வெற்றிலை பாக்குக் கிடைக்கும். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரைச் சிறிது ஏமாற்றினால் அரைக் கோப்பைக் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை இல்லை. இவ்விரு சிற்றின்பங்களுள் எதைத் தெரிவது என்பதே அவர்முன் நிற்கும் தர்மசங்கடம். அந்த வேளையிலேதான் கடவுள் எதிர்ப்படுகிறார். உலகைப் படைத்தவனைச் சந்திக்கும் மனிதன் அரைக் கோப்பைக் காப்பியின் கணக்கோடு நிற்கிறான் என்பது வெறும் நகைச்சுவையாகாது. மாதச் சம்பளத்திலும் சில்லறை வருவாயிலும் காலந்தள்ளிய நகரத்துக் கீழ்நடுத்தர மக்களின் மனம் எவ்வளவு சிறிய அளவைகளால் அளக்கப்பட்டது என்பதை அக்கணக்குக் காட்டுகிறது.

'ஒரு நாள் கழிந்தது' (1937) என்னும் கதையில் எழுத்தாளர் முருகதாசர், வந்த நண்பரிடம் மூன்று ரூபாய் கடன் கேட்கிறார், கிடைப்பது எட்டணா. கடைக்காரனுக்குத் தீர்க்க வேண்டிய கடன் ஒருபுறம் இருக்க, அந்த எட்டணாவையாவது வாங்கிக்கொள்ளும்படி மனைவி கமலா சொல்வது காப்பிப் பொடிக்காக. கடைக்காரனுக்குச் சொன்ன தவணை திங்கட்கிழமை. அத்திங்கட்கிழமையை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவிற் கதை முடிகிறது. பஞ்சத்தின் கோரமோ பட்டினிச் சாவோ இங்கே இல்லை. நாளைய கடனை மறந்து இன்றைய காப்பியைக் காப்பாற்றுதல் என்னும் சிறு தந்திரமே உண்டு. 1990களிற் பண்டங்கள் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்திற் சீனியின்றிப் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் பருகியோர்க்கு, ஒரு பானத்தை விடாது பற்றிக்கொள்வது வாழ்வின் ஒழுங்கைப் பற்றிக்கொள்வதே என்பது விளங்கும். காப்பி நின்றுவிட்டால் அந்தக் குடும்பம் தன் கண்ணுக்கே வறிய குடும்பமாகிவிடும். கமலா காக்க முயல்வது அந்த மானத்தையே.

காப்பி தமிழர்க்குப் புதிய பானம். அது நடுத்தர வகுப்பாரின் பண்பாட்டு அடையாளமாக உயர்ந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். புதுமைப்பித்தனின் கதைகளை 2000ஆம் ஆண்டிற் செம்பதிப்பாக வெளியிட்டவரும் அவரே. அவ்வரலாற்றை மனத்திற்கொண்டு படிப்போர்க்கு, கந்தசாமிப் பிள்ளையின் அரைக் கோப்பையும் கமலாவின் காப்பிப் பொடியும் ஒரு வகுப்பின் அடையாளச் சீட்டுகள் என்பது தெளிவாகும்.

கஞ்சியின் விலை

காப்பிக்கு எட்டணா எனின், கஞ்சிக்கு என்ன விலை? இவ்வினாவுக்கு விடை 'பொன்னகரம்' (1934). இக்கதையில் வண்டிக்காரன் முருகன் களிப்பு மிகுதியாற் குடித்துவிட்டு வண்டியைப் பந்தயமாக ஓட்டி அடிபட்டுக் கிடக்கிறான். கிடந்தவன் கேட்பது பால்கஞ்சி. வீட்டிற் காசில்லை. இரவிலே குழாயடிக்குச் சென்ற மனைவி அம்மாளு, சந்தின் இருளிற் காத்திருந்த ஒருவனிடம் தன்னை விற்று முக்கால் ரூபாயோடு மீள்கிறாள். கற்பைப் பற்றி ஓயாது பேசுவோரை நோக்கி ஆசிரியர் எறியும் வினாவோடு கதை முற்றுப்பெறுகிறது.

இக்கதை கற்பைப் பற்றியது என்றே பெரும்பாலும் வாதிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயினும் அதன் நிகழ்ச்சிகளை இணைப்பது பானங்கள் என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆண்மகன் களிப்புக்காகப் பருகியது மது; அதனால் விளைந்த நோய்க்கு அவன் வேண்டியது கஞ்சி; கஞ்சிக்கு வழிதேடிய பெண் சென்ற இடம் தண்ணீர்க் குழாய். மது, கஞ்சி, தண்ணீர் என்னும் மூன்றுக்கும் நடுவே ஒரு பெண்ணின் உடல் விலையாகிறது. ஆண்மகன் குடித்த குடிக்கு அவள் பன்னிரண்டணா வட்டி கட்டுகிறாள் என்று கூறினும் பொருந்தும். ஆசிரியர் அம்மாளுவைப் பழிக்கவுமில்லை, தெய்வமாக்கவுமில்லை. கணவனுக்குக் கஞ்சி வார்க்கவே அவள் அதைச் செய்தாள் என்ற உண்மையை மட்டும் நம்முன் வைத்து விலகிக்கொள்கிறார். காப்பியக் கவிகள் பத்தினியின் விருந்தோம்பலைப் பாடினார்கள். இங்கே அவ்விருந்தோம்பலே பத்தினித்தனத்தை அழித்து நிற்கிறது. இம்முரணைத் தமிழிலக்கியத்தில் இவ்வளவு சுருக்கமாக எழுப்பிய கதை வேறொன்று உளதோ என்பது ஐயமே.

'செல்லம்மாள்' (1943) இதன் மறுபக்கம். துணிக்கடைச் சிப்பந்தியாகிய பிரமநாயகம் பிள்ளை, நோயுற்ற மனைவிக்குத் தாமே அடுப்பு மூட்டி, வீட்டுப் பணியும் செய்து, இரவிற் கண்விழித்திருக்கிறார். பொன்னகரத்திற் பெண் ஆணுக்குக் கஞ்சி தேடினாள். இங்கே ஆண் பெண்ணுக்குப் பணிவிடை செய்கிறான். அக்காலத்துக் கதைகளில் அடுப்பங்கரைக்குள் நுழையும் கணவன் பெரும்பாலும் கேலிப் பொருள். பிரமநாயகம் பிள்ளையைக் கண்டு எவரும் நகைக்க இயலாது. அன்பு என்ற சொல்லைப் பெருக்காமல், அடுப்பையும் பாத்திரத்தையும் கொண்டே அன்பை உணர்த்தியது ஆசிரியரின் தனித்திறன். கசப்பை மட்டும் பரிமாறியவர் என்று அவரைக் கூறுவோர் இக்கதையின் முன் மௌனமாதல் வேண்டும்.

மாம்பழமும் பொரிகடலையும்

புதுமைப்பித்தனின் கதைகளிற் பெரியோர் உணவைக் கணக்கிடுவர். சிறுவரே அதை நுகர்வர். 'மகாமசானம்' (1941) சென்னை வீதியோரத்தில் உயிர் பிரிந்துகொண்டிருக்கும் ஒரு பிச்சைக்காரனைக் காட்டுகிறது. சந்தடி மிகுந்த அந்நகர் அவனைக் கவனியாது செல்கிறது. தந்தையொருவர் மாம்பழம் வாங்கச் சென்ற இடைவேளையில், அவருடைய சிறு பெண்குழந்தை மட்டும் அச்சாவை அருகில் நின்று பார்க்கிறது. இறுதியிற் பழத்தின் வாசனையில் அக்குழந்தை மகிழ்வதோடு கதை நிறைவெய்துகிறது.

இம்முடிவு இரக்கமற்றது என்று கூறுவோர் உளர். நான் அங்ஙனம் கருதவில்லை. குழந்தைக்குச் சாவும் வியப்பு, மாம்பழமும் வியப்பு. அது ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காணவில்லை. சாவைக் காணாததுபோற் கடந்து சென்றவர் வளர்ந்தவர்களே. ஆசிரியரின் குற்றச்சாட்டு அவர்களை நோக்கியது. பழத்தின் மணம் சாவின் அருகில் எழுவதனால் இரண்டும் கூர்மையடைகின்றன.

கந்தசாமிப் பிள்ளையின் மகள் வள்ளியும் இத்தகைய குழந்தை. வீடு திரும்பிய தந்தையிடம், தனக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்கிறாள். தன்னையே கொண்டுவந்ததாக அவர் வேடிக்கையாகக் கூற, நாடோறும் அதைத்தானே கொண்டுவருகிறாய், பொரிகடலையாவது கொண்டுவரக் கூடாதா என்கிறாள் குழந்தை. பொரிகடலை உடம்புக்கு ஆகாது என்பது தந்தையின் மறுமொழி. அவர் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துபவராதலின் அம்மறுமொழி வைத்திய ஆலோசனைபோல் ஒலிக்கிறது. உண்மையில் அது வெறும் பையின் ஒலி. வறுமையைச் சுகாதாரமாக மாற்றிச் சொல்லும் பெற்றோர் எந்த ஊரிலும் உளர். எழுவைதீவிலும் இருந்தனர். இனிப்புத் தின்றால் வயிற்றிற் பூச்சி வரும் என்று எம் தாய்மார் சொன்னதன் பொருள் எமக்குப் பிற்காலத்திலேதான் விளங்கியது.

பரிமாறுவோன்

உண்பவனைப் பாடுவோர் பலர். பரிமாறுபவனைப் பாடுவோர் சிலர். 'மிஷின் யுகம்' (1934) ஓர் உணவுச்சாலைப் பரிசாரகனைப் பற்றிய சிறு சித்திரம். பலர் பலவாறு கேட்கும் பண்டங்களை மறவாமற் கொண்டுவந்து வைத்து, இயந்திரம்போல் இயங்குகிறான் அவன். கதை சொல்பவரின் கைக்குட்டை கீழே விழ, அதைச் சுட்டி எடுத்துக் கொடுக்கும் கணத்தில் அவன் மனிதனாகத் தோன்றுகிறான். அடுத்த கணம் வேறொருவரின் குரல் கேட்க, மீண்டும் இயந்திரமாகிறான்.

இக்கதை தீவுப்பகுதியார்க்கு நெருங்கிய கதை. புங்குடுதீவு, வேலணை, காரைநகர் முதலிய இடங்களிலிருந்து கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் சென்று சாப்பாட்டுக் கடையிலும் பலசரக்குக் கடையிலும் உழைத்தோர் பல்லாயிரவர். இளமையிற் கொழும்புச் சைவக்கடையொன்றிற் பரிமாறிய என் பெரியப்பாவுக்கு ஒருமுறை இக்கதையை வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்தபின் அவர் சொன்னது இது: "மோனை, துண்டு விழுந்தா எடுத்துக் குடுக்கத்தான் செய்வம். ஆனா நாங்கள் எப்பவும் மனிசராய்த்தான் இருந்தனாங்கள். சாப்பிட வந்தவைக்குத்தான் அது ஒரு நிமிசம் தெரிஞ்சிருக்கு."

எந்த விமரிசகரும் இக்கதையைப் பற்றி இதனினும் நுட்பமாகக் கூறியதாக நான் அறியேன். இயந்திரமானவன் பரிசாரகன் அல்லன். அவனை இயந்திரமாகக் காணப் பழகியது உண்பவனின் கண். கதையைக் கூறுபவர் உண்பவராக மேசைமுன் அமர்ந்திருக்கிறார். பரிசாரகனுடைய உள்ளம் நமக்குத் திறக்கப்படவில்லை. ஆசிரியர் இவ்வெல்லையை அறிந்தே அமைத்தாரா என்று துணிதல் அரிது. ஆனால் மூன்றாண்டு கழித்து எழுதிய 'மனித யந்திரம்' (1937) என்னும் கதையில் அவர் மேசைக்கு மறுபுறம் சென்றுவிடுகிறார் என்பது உறுதி. பலசரக்குக் கடைக் கணக்கர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஆயுள் முழுவதும் பிறர் வாங்கிய உப்புக்கும் புளிக்கும் கணக்கெழுதியவர். ஒருநாள் கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்க் கொழும்புக்குக் கப்பலேறிவிட எண்ணுகிறார். புகைவண்டி நிலையம்வரை சென்றவர் துணிவின்றி மீண்டு, பணத்தை வைத்துவிட்டுச் செலவான சிறு தொகையைத் தம் பெயரிற் பற்றாக எழுதுகிறார்.

எம் தீவார் கணக்கெழுதிய அதே கொழும்பு, திருநெல்வேலிக் கணக்கர்க்கு விடுதலைக் கனவாகத் தோன்றுகிறது. பிறர் உணவைக் காசாக்கிக் கழிந்த வாழ்விலிருந்து தப்ப நினைத்தவர் மற்றொரு பேரேட்டை நோக்கியே ஓட நினைத்தார் என்பதை இக்கரையில் இருப்போரே முழுமையாக உணர்வர்.

தேயிலை

கடல் கடந்தோர் கண்ட உண்மை வேறு. 'துன்பக்கேணி' (1935) திருநெல்வேலிச் சேரியொன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மருதியின் கதை. இலங்கை முதலிற் காப்பி விளைந்த நாடு. 1869ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைநோய் காப்பியை அழித்தபின், 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அவ்விடத்தைப் பற்றியது. பயிர் மாறியது, உழைக்க வந்த தமிழரின் நிலை மாறவில்லை. மருதி வந்து சேரும் உலகம் அதுவே. அங்கே அவள் பெறுவது அவமானமும் நோயும்.

சென்னைக் கதைகளிற் காப்பி ஒரு பானம். அதனை அருந்துவோரையே காண்கிறோம். துன்பக்கேணியில் நம் நினைவில் நிற்கும் தேயிலை ஒரு பயிர். அதனைப் பறிப்போரையே காண்கிறோம். ஒரே ஆசிரியரின் இவ்விருவகைக் கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், கோப்பையின் ஒருபுறத்தில் அமர்ந்திருப்பவருக்கு மறுபுறத்தில் நிற்பவர் தெரிவதில்லை என்ற உண்மை தோன்றும். கந்தசாமிப் பிள்ளையின் காப்பிக்கும் எங்கோ ஒரு மலைச்சரிவில் ஒரு மருதி இருந்திருப்பாள்.

ஒரு குறை

புகழுரை மட்டும் விமரிசனமாகாது. புதுமைப்பித்தனின் உணவுச்சாலைகளில் உள்ளே இருப்போரை நாம் நன்கு அறிகிறோம். உள்ளே நுழைய இயலாது வெளியே நின்றோரை அங்கே காண்பதரிது. சாதியால் தாழ்த்தப்பட்டோர்க்கு உணவுச்சாலைகளில் இடம் மறுக்கப்பட்ட காலம் அது. சேரியில் மருதியைக் கண்ட அவர் பேனா, காப்பிக் கடையின் வாயிலில் நிறுத்தப்பட்டவனைப் போதிய அளவு காணவில்லை என்பதே என் துணிபு.

இக்குறையைச் சுட்டும் தகுதி யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு எளிதில் வாய்ப்பதன்று. 1957ஆம் ஆண்டிற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1960களிற் குடாநாட்டுத் தேநீர்க்கடைகளில் அமர்ந்து ஒரு கோப்பை தேநீர் பருகும் உரிமைக்காகத் தாழ்த்தப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. அதை இலக்கியமாக்கியோர் டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலிய ஈழத்து எழுத்தாளர். ஜீவாவின் 1960ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுதிக்குத் 'தண்ணீரும் கண்ணீரும்' என்பதே பெயர். சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற அந்நூலின் பெயரே, தண்ணீரும் சாதிப் பொருளாயிருந்த நாட்டின் வரலாற்றைச் சொல்லும். காப்பிக்கு விலை கொடுக்க இயலாதவனைப் புதுமைப்பித்தன் காட்டினார். விலையைக் கையில் வைத்திருந்தும் கோப்பை மறுக்கப்பட்டவனை ஈழத்தார் காட்டினர். இரண்டையும் சேர்த்துப் படிப்பவரே தமிழர் பசியின் முழு வரலாற்றை அறிவர்.

எழுவைதீவில் ஒடியற்கூழ் காய்ச்சும் நாளில் மீனும் நண்டும் மரவள்ளியும் முருங்கையிலையும் ஒரே பானையிற் கொதிக்கும். பிலாவிலையைக் கோலிச் சுற்றியிருந்து அனைவரும் பருகுவர். எவரும் விலை கேளார். இதனை எம் பண்பாட்டின் பெருமையாகக் கூறுவதுண்டு, பெருமைதான். ஆயினும் அந்த வட்டத்துள் யாரெல்லாம் இருந்தனர், யார் சற்று எட்ட இருந்தனர் என்ற வினாவையும் கேட்டாலன்றி அப்பெருமை நிறைவாகாது.

கடவுள் பருகிய காப்பி

இனி, தொடங்கிய இடத்துக்கு மீள்வாம். கந்தசாமிப் பிள்ளை கடவுளை ஓர் உணவுச்சாலைக்கு அழைத்துச் சென்று காப்பி பருகச் செய்கிறார். கடவுளுக்குச் சோமபானம் பருகினாற்போன்ற உற்சாகம் பிறக்கிறது. இது தம் லீலை என்கிறார். அது அவர் லீலையன்று, சிக்கரி கலந்த ஹோட்டல்காரனின் லீலை என்று பிள்ளை திருத்துகிறார். கலப்படத்தை அறியாத கடவுளும் கலப்படத்தோடு வாழப் பழகிய மனிதனும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கின்றனர். கடவுள் நீட்டுவது நூறு ரூபாய்த் தாள். சில்லறை உலகில் அவருக்குப் புழக்கம் இல்லை என்பதை அத்தாள் ஒன்றே காட்டிவிடுகிறது.

பிள்ளையின் வீட்டில் விருந்தினராகத் தங்கி, குழந்தையோடு விளையாடி, நடனமாடிப் பிழைக்க முயன்று தோற்ற கடவுள் இறுதியில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார்: மனிதர்க்கு எட்ட நின்று வரம் கொடுக்கலாமேயன்றி உடனிருந்து வாழ இயலாது என்பது அது. பிள்ளை அவரிடம் பெற்றது வரமன்று. பத்திரிகைக்கு ஆயுட் சந்தா இருபத்தைந்து ரூபாய். அதனையும் அவர் முறையாக வரவு வைக்கிறார்.

இக்கதையை நாத்திகம் என்றோ தெய்வ நிந்தை என்றோ கொள்வோர், மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாற்றை ஒருமுறை நினைந்து பார்த்தல் நலம். பிறப்பைக் காரணமாகக் கொண்டு அந்தணரால் ஒதுக்கப்பட்டவன் அவன். பிச்சையேற்றுப் பெற்றதைக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டியவன். வற்றாத அமுதசுரபி அவன் கைக்கு வந்தது. கப்பல் அவனை ஆளற்ற மணிபல்லவத்தில் விட்டுச் சென்றபோது, பாத்திரம் நிறைய உணவிருந்தும் ஊட்டுதற்கு ஒருவரும் இல்லை. தன் உயிரை மட்டும் ஓம்ப அதனைப் பயன்படுத்த மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர்நீத்தான். குறையாத கலம் கையிலிருந்தும் பகிர்வதற்கு மனிதர் இல்லையேல் அது வெறுங்கலமே என்பது இதனாற் பெறப்படும் கருத்து.

புதுமைப்பித்தனின் கடவுளும் இத்தகைய நிலையிலுள்ளவர். எல்லாம் உடையவர், ஆயினும் மனிதரோடு ஒரு மேசையில் நெடுநேரம் இருக்க இயலாதவர். ஆபுத்திரன் பகிர்வதற்கு ஆளின்றி மாண்டான். இக்கடவுள் பகிர்ந்து வாழ முடியாது மீள்கிறார். இடையில், அரைக் கோப்பைக்கே கணக்குப் பார்த்த கந்தசாமிப் பிள்ளைதான் வழிதெரியாது நின்ற அந்நியனைக் காப்பிக்கு அழைத்துச் செல்கிறார், வீட்டுக்கும் கூட்டிவருகிறார். அவர் முழுத் தன்னலமற்றவர் அல்லர். சந்தாவிலும் அவருக்குக் கண்ணுண்டு. ஆயினும் அந்த அளவான, கணக்கோடு கூடிய, சிக்கரி கலந்த அன்பே உடனிருந்து வாழக்கூடிய அன்பு. கலப்பற்ற அருள் எட்ட நின்று வரம் தரும். கலப்புள்ள அன்பு பக்கத்தில் அமர்ந்து காப்பி வாங்கித் தரும். புதுமைப்பித்தன் நம்பியது பின்னதையே என்று நான் கொள்கிறேன். இதனை நம்பிக்கை வறட்சி என்பது எங்ஙனம் பொருந்தும்?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், புதுமைப்பித்தனின் கதைகளில் உணவு அலங்காரமாக வருவதன்று என்பதும், ஒருவர்க்கொருவர் உள்ள உறவின் அளவுகோலாக வருவது என்பதும் போதரும். அம்மாளுவின் கஞ்சியும், கமலாவின் காப்பிப் பொடியும், பிரமநாயகம் பிள்ளையின் அடுப்பும், வள்ளி கேட்ட பொரிகடலையும் அவருடைய அறநூலின் அதிகாரங்கள். அவ்வறநூலில் விடுபட்ட அதிகாரத்தை ஈழத்து எழுத்தாளர் எழுதிச் சேர்த்தனர்.

1990ஆம் ஆண்டிற் போரினால் தீவுப்பகுதி மக்கள் பெருவாரியாக இடம்பெயர்ந்தபோது, முன்பின் அறியாத வீடுகளின் திண்ணைகளில் எம்மவர் பலர் பெற்றது ஒரு பேணித் தேநீர். கொடுத்தவர் வீட்டிலும் சீனி குறைவாகவே இருந்தது. அமுதசுரபி ஒன்றும் அப்போது பொய்கையிலிருந்து எழவில்லை. மனிதர் தம்மிடமிருந்த சிறிதைக் கணக்குப் பார்த்தே பகிர்ந்தனர். அதனைப் பெற்று வளர்ந்த தலைமுறையினர்க்குக் கந்தசாமிப் பிள்ளை அந்நியர் அல்லர்.

இக்கல்லூரி மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஒரு கதையைப் படிக்குங்கால் அதன் நடையையும் உத்தியையும் குறித்துக்கொள்ளுங்கள், நன்று. அதனோடு, இக்கதையில் உண்டவர் யார், ஊட்டியவர் யார், விலை கொடுத்தவர் யார், வாயிலில் நின்றவர் யார் என்னும் நான்கு வினாக்களையும் ஏட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். விடைகள் பலவிடத்து ஆசிரியர் கூறாமல் விட்டவற்றையும் கூறும்.